வாளேந்திய சிறுமிகளும் பொம்மைக்கடை அலமாரியும்

குழந்தைகளுக்கான கார்ட்டூன்களில் சிறுமி ஒருத்தி நாயகியாக வருவது இன்று யாருக்கும் வியப்பளிக்கும் செய்தியல்ல. வாள் வீசுகிறவள், வில் வளைக்கிறவள், வானில் பறக்கிறவள், வரைபடத்தை வைத்துக்கொண்டு காடு மலை தாண்டிப் போகிறவள் எனப் பலரைத் திரையில் பார்த்தே கடந்த இரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்திருக்கின்றனர். ஆனாலும் தொடரின் தலைப்பில் ஒரு பெண்பெயர் இருப்பதும், அத்தொடர் அவளை நாயகியாக நடத்துவதும் ஒன்றல்ல. நாயகனுக்குக் கேளாமலே கிடைத்துவிடும் சில உரிமைகள், குறிப்பாகத் தவறு செய்யவும் தோற்கவும் அழகைப் பற்றிக் கவலையின்றி இருக்கவுமான உரிமைகள், நாயகிக்கு எளிதில் கிடைப்பதில்லை. அவற்றைக் கொடுப்பதா மறுப்பதா என்பது பல நேரங்களில் கதை எழுதுகிறவரின் மேசையில் முடிவாகாமல் பொம்மைக்கடையின் அலமாரியில் முடிவாகியிருக்கிறது.

இந்த வரலாற்றைத் தொடங்குவதற்கு ஸ்மர்ஃபெட் பொருத்தமான பாத்திரம். பெல்ஜிய ஓவியர் பேயோ 1958-இல் படைத்த ஸ்மர்ஃப்கள் என்னும் நீலநிறக் குள்ளர்கள் காட்டுக்குள் காளான் வடிவ வீடுகளில் வாழ்பவர்கள். அறிவாளி, சோம்பேறி, சிடுமூஞ்சி என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் குணமே பெயர். 1966-இல் வெளிவந்த கதையில் இந்த ஊருக்குள் முதன்முதலாக ஒரு பெண் நுழைகிறாள். அவளும் தானாக வந்தவளல்ல. குள்ளர்களிடையே சண்டை மூட்டிவிடுவதற்காக கார்கமெல் என்னும் மந்திரவாதி பானையில் காய்ச்சி உருவாக்கி அனுப்பியவள். முதலைக் கண்ணீர், பறவை மூளை, விரியன் நாக்குத் தூள் ஆகியவை அந்தக் கலவையில் சேர்கின்றன. கறுத்த கூந்தலோடு வந்து சேரும் அவளை ஊரார் தொல்லையாகவே பார்க்கிறார்கள். பிறகு ஊர்ப் பெரியவரான பாப்பா ஸ்மர்ஃப் தம் வித்தையால் அவளைப் பொன்னிறக் கூந்தலும் நீண்ட இமையும் கொண்டவளாக மாற்றியதும் அதே ஊரார் அவள் பின்னால் அலைகிறார்கள். மற்றவர்களுக்குக் குணம் பெயராக அமைந்த ஊரில், பெண் என்பதே அவளுக்குப் பெயராகவும் குணமாகவும் அமைந்துவிட்டது.

1991-இல் அமெரிக்கக் கட்டுரையாளர் காத்தா பொலிட், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வார இதழில், இந்த அமைப்புக்கு ‘ஸ்மர்ஃபெட் விதி’ என்று பெயரிட்டார். பல ஆண்பிள்ளைகள் கொண்ட கூட்டத்தில் ஒரே ஒரு பெண்பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும், கூட்டத்தின் நோக்கத்தையும் கதையின் போக்கையும் ஆண்பிள்ளைகளே வகுக்க, அவர்களோடு கொண்ட உறவினால் மட்டும் அவள் அடையாளம் பெறுவதுமான வழக்கத்தையே அச்சொல் குறிக்கிறது. பெயர் கிடைத்த பிறகு அந்த வழக்கம் எங்கெங்கும் கண்ணில் படத் தொடங்கியது. ஸ்மர்ஃபெட்டுக்கு ஓர் ஊர் நிறையத் தோழிகள் கிடைப்பதற்கு 2017-இல் வெளிவந்த திரைப்படம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பானையில் காய்ச்சப்பட்ட சிறுமிகள் வேறொரு தொடரிலும் உண்டு. கிரெய்க் மெக்ராக்கன் படைத்து 1998-இல் ஒளிபரப்பான ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ தொடரில், பேராசிரியர் ஒருவர் சர்க்கரையும் வாசனைப் பொருளும் இனிமையானவை எல்லாமும் சேர்த்து நல்ல பெண்பிள்ளைகளை உருவாக்க முயல்கிறார்; தவறுதலாக அதில் ‘கெமிக்கல் எக்ஸ்’ என்னும் மர்மத் திரவம் கலந்துவிட, மூன்று சிறுமிகள் பறக்கும் ஆற்றலோடும் மலையைப் பெயர்க்கும் வலிமையோடும் பிறக்கின்றனர். நல்ல பெண்பிள்ளைக்குரிய சமையற்குறிப்பில் இல்லாத பொருள்தான் அவர்களை நாயகிகளாக்கியது என்ற இந்தக் கற்பனையில் நுட்பமான விமரிசனம் இருக்கிறது. மழலையர் பள்ளிக்குப் போகும் வயதுடைய அம்மூவரும் நகரத்தைக் காப்பாற்றிவிட்டுத் தூங்கும் நேரத்துக்குள் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் தங்களுக்குள் சண்டையிடவும், பொறாமைப்படவும், குளிக்க மறுத்து அடம்பிடிக்கவும் தொடர் தயங்காமல் இடம் கொடுத்தது.

கதை எழுதுகிறவர்களிடம் இத்தகைய கற்பனைக்குப் பஞ்சமிருந்ததில்லை. தடை எங்கிருந்து வந்தது என்பதை அறிய 1980-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகள் அக்காலத்தில் தளர்ந்தன; 1984-இல் விளம்பர நேரத்துக்கான வரம்பும் நீக்கப்பட்டது. அதன் பின் ஒரு பொம்மையை விற்பதற்காகவே முழுத் தொடர் ஒன்றைத் தயாரிப்பது இயல்பான வணிகமாயிற்று. மேட்டல் நிறுவனத்தின் ஹீ-மேன் பொம்மைகள் 1982-இல் கடைக்கு வந்தன. அவற்றுக்கான தொடரை ஃபில்மேஷன் நிறுவனம் 1983-இல் தயாரித்தது. அதன் வெற்றியைத் தொடர்ந்து, சிறுமிகளையும் வாங்க வைப்பதற்காக 1985-இல் ‘ஷீ-ரா: பிரின்சஸ் ஆஃப் பவர்’ வெளிவந்தது.

கதை என்ற அளவில் ஷீ-ரா தன் அண்ணன் தொடரைவிட ஒரு படி மேலே நிற்கிறாள் என்று சொல்வது மிகையாகாது. ஹீ-மேனாக மாறும் இளவரசன் ஆடம், அரண்மனையில் சோம்பேறிபோல நடித்துக்கொண்டு, தன் தந்தையின் அரசைப் பாதுகாக்கிறான். அவனோடு இரட்டையராகப் பிறந்த அடோராவோ கைக்குழந்தையாக இருக்கும்போதே ஹார்டாக் என்னும் கொடியவனால் கடத்தப்பட்டு, அவனுடைய படையிலேயே தளபதியாக வளர்க்கப்பட்டவள். தான் பணியாற்றிய படை தன் கண்முன்னே மக்களை அடிமைப்படுத்துவதை உணர்ந்த பின், அவள் அதைவிட்டு வெளியேறிக் கிளர்ச்சியாளர்களோடு சேர்கிறாள். தன்னுடைய பிறந்தவீடும் இளவரசிப் பட்டமும் வேறோர் உலகில் காத்திருக்க, அவற்றை விட்டுவிட்டு அந்நிய மண்ணின் விடுதலைக்காகப் போரிடுகிறாள். தன் பழைய பிழையைச் சுமந்துகொண்டு போரிடும் நாயகி, அதுவும் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான தொடரில், அக்காலத்துக்கு அரிதானவள். எதிரிப் படையினர் இயந்திர மனிதர்களாக அமைக்கப்பட்டிருந்ததால், உயிருள்ளவர்களை வாளால் தாக்கக் கூடாது என்ற ஒளிபரப்பு விதியை மீறாமலே அவள் அவர்களை அடித்து நொறுக்க முடிந்தது. 93 அத்தியாயங்களில் ஒரு பெண் சுவரைப் பெயர்த்து எறிவதைச் சிறுமிகளும் சிறுவர்களும் பார்த்தனர்.

கடை அலமாரியில் நிகழ்ந்தது வேறு. ஹீ-மேன் பொம்மையின் தலைமுடி உடலோடு சேர்த்து வார்க்கப்பட்ட கெட்டிப் பிளாஸ்டிக். ஷீ-ரா பொம்மைக்கோ வாரிவிடக்கூடிய நீண்ட கூந்தல் பொருத்தப்பட்டு, வாரிப் பின்னுவதற்கு ஒரு சீப்பும் கூடவே தரப்பட்டது. அதைவிட முக்கியமான செய்தி எதிரிகளைப் பற்றியது. தொடரில் அவள் நாள்தோறும் எதிர்த்துப் போரிட்ட ஹார்டாக்கும் அவனுடைய முதன்மை அடியாட்களும் பொம்மைகளாக வந்தபோது, அவர்கள் ஹீ-மேன் வரிசையில், சிறுவர்களுக்கான அலமாரியில் வைக்கப்பட்டனர். சிறுமிகளுக்கான அலமாரியில் ஷீ-ராவுக்கு முதன்மை எதிரியாக நிறுத்தப்பட்டவள் காட்ரா. தொடரில் படைத்தளபதியாக வரும் அவளை, பொம்மை அட்டை ‘பொறாமைபிடித்த அழகி’ என்று அறிமுகம் செய்தது. விடுதலைப் போர் ஒன்று கடைக்குள் நுழைந்ததும் இரு அழகிகளுக்கிடையிலான பொறாமையாகச் சுருங்கிவிட்டது. தொடரை எழுதியவர்கள் கொடுத்ததை அட்டைப்பெட்டி பறித்துக்கொண்டது.

பொம்மை வணிகத்தின் இந்தப் பிரிவினை, காலப்போக்கில் தொலைக்காட்சி நிர்வாகிகளிடையே ஒரு நம்பிக்கையாக உறைந்தது. சிறுவர்களின் கதையைச் சிறுமிகளும் பார்ப்பார்கள், ஆனால் சிறுமிகளின் கதையைச் சிறுவர்கள் பார்க்க மாட்டார்கள் என்பதே அது. பேட்மேன் கார்ட்டூன் தொடர்களின் எழுத்தாளராகப் புகழ்பெற்ற பால் டினி, 2013-இல் ஒரு வலையொலி உரையாடலில், சிறுவர்களை நோக்கிய சாகசத் தொடர்களைச் சிறுமிகளும் விரும்பிப் பார்ப்பதை நிர்வாகிகள் வரவேற்கவில்லை என்றும், சிறுமிகள் அந்தப் பொம்மைகளை வாங்குவதில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம் என்றும் விவரித்தார். பார்வையாளர் கூடுவது ஒரு தொடருக்குக் கேடாகக் கருதப்படும் விந்தை வேறெந்தக் கலையிலும் எளிதில் காணக் கிடைக்காது. திரைப்படங்களும் இந்த அச்சத்துக்கு விலக்கல்ல: டிஸ்னி நிறுவனம் தன் ரபன்ஸல் கதையை 2010-இல் வெளியிட்டபோது, இளவரசியின் பெயரைப் பார்த்துச் சிறுவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று கருதி, அதற்கு ‘டேங்கிள்டு’, அதாவது ‘சிக்கிக்கொண்டது’, எனப் பொதுவான தலைப்பு வைத்தது.

இந்த நம்பிக்கை நேரடியாகச் சோதிக்கப்பட்ட ஒரு தருணமும் உண்டு. மைக்கேல் டிமார்ட்டினோவும் பிரையன் கோனியெட்ஸ்கோவும் படைத்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் அடுத்த பகுதியாக ‘தி லெஜண்ட் ஆஃப் கோர்ரா’ 2012-இல் வெளிவருவதற்கு முன், சாகசத் தொடருக்குப் பெண் நாயகி சரிப்படுவாளா என்ற கவலை நிக்கலோடியன் நிர்வாகிகள் சிலரிடம் இருந்ததை கோனியெட்ஸ்கோ பதிவு செய்திருக்கிறார். முன்னோட்டமாகச் சிறுவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, கோர்ரா பெண் என்பதை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அசத்துகிறாள் என்பதே அவர்களுடைய கருத்தாக இருந்தது. குழந்தைகளின் மனத்தில் இல்லாத சுவரைப் பெரியவர்களே கட்டிவைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அலமாரியின் கை நாயகியின் உடலை எப்படித் திருத்துகிறது என்பதை மெரிடாவின் கதையில் கண்ணெதிரே பார்க்கலாம். பிக்ஸார் நிறுவனத்தின் முதல் முழுநீளப் படம் 1995-இல் வந்தது. பெண்ணை முதன்மை நாயகியாகக் கொண்ட அதன் முதல் படமான ‘பிரேவ்’ வெளிவந்தது 2012-இல், பதின்மூன்றாவது படமாக. ஸ்காட்லாந்து இளவரசியான மெரிடாவின் அடங்காத செம்பட்டைச் சுருள்முடிக்காக அந்நிறுவனம் புதிய கணினி நிரலையே எழுதியது. ஏறத்தாழ 1,500 சுருள்கள் தனித்தனியாக வடிவமைக்கப்பட்டன. படத்தின் திருப்புமுனையான வில்வித்தைக் காட்சியில், அவளை மணக்கப் போட்டியிடும் மூன்று குலத்து இளைஞர்கள் அம்பெய்து முடித்ததும், தன் கைக்காகத் தானே போட்டியிடுவதாக அறிவித்து அவள் களமிறங்குகிறாள். வில்லை இழுக்க முயலும்போது, தாய் அணிவித்த இறுக்கமான நீலப் பட்டுடை தோளையும் முதுகையும் பிடித்து நிறுத்துகிறது. எரிச்சலோடு அவள் உடம்பை முறுக்க, தையல் பிரிகிறது. முதுகும் முழங்கையும் விடுபடுகின்றன. அதன் பிறகே அம்பு பறக்கிறது. கடைசி அம்பு, இலக்கின் நடுவில் ஏற்கெனவே தைத்திருந்த அம்பைப் பிளந்துகொண்டு போகிறது.

2013 மே மாதம் டிஸ்னி இளவரசிகளின் வரிசையில் மெரிடா முறைப்படி சேர்க்கப்பட்டபோது விளம்பரத்துக்காக வரையப்பட்ட புதிய படத்தில், இடை சிறுத்திருந்தது, சுருள்முடி படிந்து பளபளத்தது, தோள் தெரியும் மினுமினுப்பான உடை உடலோடு ஒட்டியிருந்தது. வில்லும் அம்பறாத்தூணியும் காணாமற்போயிருந்தன. படத்தில் அவள் கிழித்தெறிந்த தையலை விற்பனைப் பிரிவு மீண்டும் தைத்துப் போட்டுவிட்டது. அக்கதையைத் தம் மகளை மனத்தில் வைத்து உருவாக்கியவரும், பிக்ஸாரில் முழுநீளப் படத்தை இயக்க அமர்த்தப்பட்ட முதல் பெண்ணும், தயாரிப்பின் நடுவே இயக்குநர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டவருமான பிரெண்டா சாப்மன் இந்தத் திருத்தத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இணையத்தில் தொடங்கப்பட்ட கோரிக்கை மனுவில் 2,00,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். டிஸ்னி நிறுவனம் தன் இணையதளத்தில் மீண்டும் பழைய மெரிடாவையே வைத்தது.

இதற்கு நான்காண்டுகள் முன்பே டோராவுக்கும் இதே நிலை நேர்ந்தது. 2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய அத்தொடர், தமிழ்நாட்டில் சுட்டி டிவி வழியாக வீடு வீடாக நுழைந்தது. அதில் வரும் குரங்கு ‘புஜ்ஜி’ என்ற பெயரோடு தமிழ்க் குழந்தைகளின் தோழனாகவே ஆகிவிட்டது. ஏழு வயது டோரா குட்டையாக வெட்டிய தலைமுடியும், சட்டைக்குக் கீழே சற்றே எட்டிப்பார்க்கும் வயிறும், முதுகில் பையுமாக வருபவள். அவள் அழகா என்ற கேள்வி அத்தொடரில் எங்கும் எழுவதில்லை, வழி எது என்பதே ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி. 2009-இல், வளர்ந்துவிட்ட சிறுமிகளுக்காக அவளைப் பத்து வயது கடந்தவளாக மாற்றிப் புதிய பொம்மை ஒன்றை வெளியிடப்போவதாக அறிவித்து, நீண்ட கூந்தலும் நீண்ட கால்களும் குட்டைப் பாவாடையும் கொண்ட நிழலுருவம் ஒன்று காட்டப்பட்டதும் பெற்றோர்கள் கொதித்தெழுந்தனர். ஒரு சிறுமி வளர்வதென்றால் அவள் அறிவும் துணிவும் வளர்வதல்ல, கூந்தல் வளர்வதே என்று அந்த நிழலுருவம் சொன்னதுதான் அவர்களுடைய மனத்தாங்கலுக்குக் காரணம்.

உடலைப் போலவே குரலையும் அளந்து பார்க்கலாம். மொழியியலாளர்களான கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் இருவரும் டிஸ்னி இளவரசிப் படங்களின் உரையாடலை எண்ணி 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1989-இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் 68 விழுக்காட்டுப் பேச்சு ஆண்பாத்திரங்களுடையது. பெண் ஒருத்தி போர்க்களம் சென்று நாட்டையே காக்கும் ‘முலான்’ படத்தில் அது 77 விழுக்காடு. சகோதரிகள் இருவரின் கதையான ‘ஃப்ரோஸன்’ படத்தில்கூடப் பெண்களின் பங்கு 41 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ‘பிரேவ்’ மட்டும் 74 விழுக்காட்டைப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறது. நாயகியைத் தவிர அவளைச் சுற்றியுள்ள நண்பன், எதிரி, பேசும் விலங்கு, கடைக்காரன், காவலன் எல்லாருமே ஆண்களாக அமைந்துவிடுவதால் ஏற்படும் நிலை இது.

இந்தியச் சூழலில் இதே அமைப்பைச் சோட்டா பீம் தொடரில் காணலாம். 2008 முதல் ஒளிபரப்பாகித் தமிழிலும் வந்துகொண்டிருக்கும் அத்தொடரில், தோலக்பூரின் சிறுவர் கூட்டத்தில் சுட்கி மட்டுமே எப்போதும் உடனிருக்கும் சிறுமி. பீமின் வலிமைக்கு ஆதாரமான லட்டு பெரும்பாலும் அவள் வீட்டிலிருந்தும் அவள் கையாலுமே வந்து சேர்கிறது. ஊரைக் காக்கும் ஆற்றலின் ஊற்று அவள் கையில் இருந்தும், அதை அவளே உண்டு களமிறங்கும் கதையைப் பார்வையாளர்கள் எதிர்பார்ப்பதில்லை. 2020-இல் பீம் இளவரசி இந்துமதியை மணந்துகொண்டதாக ஒரு பேச்சு பரவியபோது, சுட்கிக்கு நீதி வேண்டும் என்று சமூக ஊடகங்களில் முழக்கம் எழுந்தது. அப்பாத்திரங்கள் அனைவரும் இன்னும் குழந்தைகளே என்று தயாரிப்பு நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்குக் கிடைக்காமற்போனதாக ஊர் கவலைப்பட்டது திருமணத்தைப் பற்றியே. தனிக்கதை ஒன்றைப் பற்றி அல்ல. குறையைத் தயாரிப்பாளர்கள் தலையில் மட்டும் சுமத்த முடியாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நாயகி தடுமாறலாம் என்று ஒப்புக்கொண்ட படைப்புகள் ஜப்பானில் முன்னரே தோன்றின. நவோகோ டக்கேயுச்சியின் சித்திரக்கதையிலிருந்து 1992-இல் உருவான ‘சைலர் மூன்’ தொடரின் உசாகி அழுமூஞ்சி, தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவள், காலையில் எழுந்திருக்க முடியாதவள். ஆனாலும் உலகைக் காக்கிறாள். அவள் உருமாறும் காட்சியில் நகத்துக்குச் சாயம் ஏறுவதும் நாடாக்கள் சுழன்று உடையாவதும், செலவைக் குறைப்பதற்காகத் தொடர் முழுவதும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டவை. உருமாறும்போது அவள் பயன்படுத்தும் அணிகலன்களே பொம்மைகளாகவும் விற்றன. அலமாரி அங்கும் இருந்தது, ஆனால் அழுகையை அது துடைத்துவிடவில்லை. ஹயாவோ மியாசாக்கியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பத்து வயது சிஹிரோ, கைப்பிடியற்ற செங்குத்தான மரப்படிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குகிறாள். ஒரு படி முறிந்ததும் அலறிக்கொண்டு கட்டுப்பாடின்றி ஓடிச் சுவரில் மோதி நிற்கிறாள். அச்சம் எப்படி ஒரு குழந்தையின் முழங்காலிலும் பிட்டத்திலும் குடியிருக்கிறது என்பதை அவ்வளவு பொறுமையாக வரைந்து காட்டிய படம் அரிது. அவளை அழகாகக் காட்ட வேண்டும் என்ற அவசரம் வரைந்தவர்களுக்கு இல்லை.

கோர்ராவின் நான்காம் பருவத்தையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். நஞ்சூட்டப்பட்டு உயிர்பிழைத்த அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முதிய வைத்தியரான கட்டாராவின் மேற்பார்வையில் எழுந்து நிற்க முயன்று விழுகிறாள். மூன்றாண்டுகள் கழிந்தும், சங்கிலியில் பிணைக்கப்பட்ட தன் பழைய உருவமே எதிரே வந்து நின்று அவளை அடித்து வீழ்த்துகிறது. மூன்று பருவங்களாக முறுக்கேறிய தோளோடு முதலில் அடித்துவிட்டுப் பிறகு யோசித்த பெண்ணை உடைத்து, அவள் மெல்ல மெல்லத் தேறுவதைக் குழந்தைகள் தொடர் ஒன்று அவசரப்படாமல் காட்டியது.

ஷீ-ராவும் 2018-இல் திரும்பி வந்தாள். என்.டி. ஸ்டீவன்சன் உருவாக்கிய புதிய தொடரின் முதல் படங்கள் வெளியானதும், பாவாடைக்குக் கீழே அரைக்கால்சட்டையும் பரந்த தோள்களும் கொண்ட அவள் பெண்போலவே இல்லை என்று வளர்ந்த ஆண்கள் சிலர் இணையத்தில் குறைப்பட்டுக்கொண்டனர். பதின்வயதுப் பெண்ணைப் பதின்வயதுப் பெண்ணாக வரைந்ததே அவர்கள் கண்ட குறை. அத்தொடரில் மிகப் பெரிய மாற்றம் பெற்றவள் காட்ரா. அடோராவோடு ஒரே பாசறையில், ஒரே வளர்ப்புத்தாயின் கொடுமைக்குள் வளர்ந்தவள். தன்னை விட்டுவிட்டுப் போன தோழியின் மீது அவளுக்கு எழும் கோபம் அழகைப் பற்றியதல்ல, கைவிடப்பட்டதைப் பற்றியது. அட்டைப்பெட்டியில் இரண்டே சொற்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தவளுக்கு, 52 அத்தியாயங்கள் நெடுகத் தவறு செய்யவும், அதை ஒப்புக்கொள்ள மறுக்கவும், கடைசியில் ஒப்புக்கொள்ளவும் நேரம் கிடைத்தது. இறுதி அத்தியாயத்தில் உயிர் போகும் நிலையில் கிடக்கும் அடோரா போய்விடச் சொன்ன பின்னும் போகாமல், அவளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருப்பவள் அந்தக் காட்ராதான்.